முதிரைத் தூளின் சரித்திரம்

நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் என்னிடம் படித்த தம்பி ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா, என்றாலும் எனக்கு அவன்தான். புத்தளம் அகதி முகாமில் வளர்ந்து, மொறட்டுவையில் தளபாட வேலை பழகி, ஊருக்குத் திரும்பி வந்து வீட்டின் பின்னறையில் பட்டறை போட்டிருக்கிறான். அவனிடம் நான் ஒரு பெட்டகம் செய்யக் கொடுத்திருந்தேன்.

ஏன் பெட்டகம் என்று சொல்ல வேண்டும். எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டில் வாப்பும்மாவின் பெட்டகம் ஒன்று இருந்தது. முழுக்க முதிரை. நாலு மூலையிலும் ஓர் ஆணி கிடையாது, எல்லாம் புறாவால் மூட்டு. பலகையின் முனையைப் புறாவின் விரிந்த வால்போல வெட்டி, மற்றப் பலகையில் அதே வடிவில் குடைந்து கோர்ப்பது. இங்கிலீஷில் டவ்டெயில் என்பார்கள். சின்ன வயதில் அந்த மூலைகளை விரலால் எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது கற்பிட்டிக்குப் போன வள்ளத்தில் எங்களுக்கே இடம் போதவில்லை. பெட்டகம் அங்கேயே நின்றது. யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை, பெட்டகமும் இல்லை. இடிந்த சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு முதிரை நிலைகள் மட்டும் மிஞ்சிக் கிடந்தன. அந்த நிலைகளை வாளால் பிளந்து அதே மாதிரி ஒரு பெட்டகம் செய்து தா என்றுதான் தம்பியிடம் கொடுத்தேன். அவனும் ஆசையாக வாங்கிக்கொண்டான்.

நான் போன நேரம் பின்னறை யன்னல் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டார் சத்தம் என்று சொன்னார்களாம். உள்ளே ரவுட்டர் மெசின் அலறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் மஞ்சள் புகை மாதிரி தூள். அவன் புருவம், மீசை, காது மடல் எல்லாம் மஞ்சள். முன்கை இரண்டிலும் சிவந்த தடிப்பு. வியர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். முன்னறையில் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்திருந்தா. மூன்று இரவாகப் பிள்ளைக்கு முட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் பிடித்துவிட்டு வந்திருந்தார்கள். டொக்டர் முதலில் கேட்ட கேள்வி, “வீட்டில என்ன வேலை நடக்குது?” என்பதுதானாம்.

“சேர், தூள்தானே, கூட்டினாப் போயிரும்” என்றான் தம்பி. பிறகு அவனே கேட்டான்: “நீங்க சரித்திர சேர்தானே. அந்தக் காலத்து ஓடாவிமார் வாழ்நாள் முழுக்க மரத்தோடதானே கிடந்தாங்க. அவங்களுக்குத் தூள் வரலியா?”

அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அன்று எனக்குப் பதில் வரவில்லை. என் ஆசைக்காக எழுந்த தூள்தானே அது. பிறகு தேடி வாசித்தேன். இந்தப் பதிவு அவனுக்கான பதில்.

முதலில் மூட்டின் வயதைச் சொல்கிறேன். புறாவால் மூட்டு ஒல்லாந்தர் கொண்டுவந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1658இல் அவர்கள் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த பிறகு பித்தளைப் பட்டி அடித்த பெட்டகங்கள் இந்தக் கரையில் பெருகியது உண்மைதான். ஆனால் மூட்டு அதைவிட எத்தனையோ ஆயிரம் வருஷம் பழையது. பழைய எகிப்தின் கல்லறைகளில் கிடைத்த மரச் சாமான்களிலேயே இருக்கிறது. பசையும் ஆணியும் நம்பிக்கையில்லாத காலத்தில், இழுக்க இழுக்க இறுகும் மூட்டு ஒன்றை யாரோ கண்டுபிடித்தார்கள். மரம் காலநிலைக்கு ஊதினாலும் சுருங்கினாலும் மூலை விடாது.

இதைக் கையால் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். கோடு கீறுவது, மெல்லிய பல்லுள்ள கைவாளால் சாய்வாக அறுப்பது, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிக் கழிவை எடுப்பது. வாள் கொஞ்சம் தூள் தரும். உளி தருவது சில்லு. கையில் பொறுக்கி எடுக்கலாம், அடுப்புக்குப் போடலாம். மூக்குக்குள் போகிற சாமான் இல்லை அது.

இரண்டாவது விஷயம், அவர்கள் எங்கே இருந்து வேலை செய்தார்கள் என்பது. ஓடாவி என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் மரக்கலம் கட்டுபவன் என்று இருக்கும். கடற்கரையில் வள்ளம் கட்டியவர்கள்தான் நமக்குக் கதவும் கட்டிலும் செய்தார்கள். அவர்களுக்குப் பட்டறை என்றால் ஒரு வேப்பமரமோ பூவரசோ, அதற்குக் கீழே ஒரு கிடுகுக் கொட்டில். நாலு பக்கமும் திறந்தது. மன்னார்த் தீவின் காற்று உங்களுக்குத் தெரியும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், மழைக்காலத்தில் வாடை. 2020 டிசம்பரில் நம் தெற்குக் கரையில் முப்பது காற்றாலைகளைத் திறந்தார்கள். அந்த அளவு காற்று. சோளகத்தில் ஓடாவி எந்தப் பக்கம் முதுகு காட்டி உட்காருவார் என்று என் வாப்பா சொல்வார்: காற்று தோளுக்குப் பின்னால் வர வேண்டும், அறுக்கிற மரம் முன்னால் இருக்க வேண்டும். தூள் பற்றைக்குள் போய்விடும். அந்தக் காலத்தில் தூள் உறிஞ்சும் இயந்திரம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதற்குப் பேர் சோளகம்.

இனி முதிரை. நம் தீவில் மணலும் பனையும்தான் அதிகம். (பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்க வெள்ளைக்காரர் வருகிறார்கள், ஆனால் அதன் மரம் பஞ்சு மாதிரி, ஒரு முக்காலிக்கும் ஆகாது.) நல்ல மரம் எப்போதும் பெருநிலத்துக் காட்டிலிருந்துதான் வந்தது. பாலை, வீரை, கருங்காலி, முதிரை. இதில் முதிரைக்குத் தனி மதிப்பு. சீவினால் பட்டு மாதிரி மினுங்கும், அதனால்தான் இங்கிலீஷ்காரர் சட்டின்வூட் என்றார்கள். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரே வளைவாக ஒரு பாலம் கட்டினார்கள். முழுக்க முதிரை. ஆணியும் இல்லை, போல்ட்டும் இல்லை, எல்லாம் கோர்ப்பு மூட்டு. 1905 வரை நின்றது.

அதே மரம் கப்பலேறி இங்கிலாந்துக்கும் போனது. இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் போன முதிரையைப் பணக்காரர் வீட்டுத் தளபாடத்துக்கும் பெரிய கப்பல்களின் உள்ளறை வேலைக்கும் பாவித்தார்கள். அங்கே வேலை மூடிய கட்டடத்துக்குள், இயந்திர வாளோடும் சீவும் இயந்திரத்தோடும் நடந்தது. கொஞ்ச நாளில் தச்சர்களின் கையும் முகமும் சிவந்து தடித்துக் கொப்புளம் போட ஆரம்பித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள மருத்துவ இதழ்களில் “சட்டின்வூட் தோல் நோய்” என்றே இதற்குப் பேர் வந்துவிட்டது. 1909இல் வேதியியலாளர் ஒருவர் முதிரை மரத்திலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். தோலை எரிக்கிற குணம் அதற்கு இருந்தது.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே, நம் காட்டு மரத்தின் தூள் மனிதத் தோலை என்ன செய்யும் என்று எங்கோ குளிர் நாட்டில் எழுதி அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மரம் வளர்ந்த ஊரில் என் மாணவன் அதை வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போடுகிறான். மரம் மட்டும் கப்பலில் போனது, அறிவு திரும்பி வரவில்லை. முதிரை இங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றும் இல்லை. சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு இரண்டு நாளில் தடிக்கும். அதனால்தான் யாரும் மரத்தைச் சந்தேகப்படுவதில்லை.

இப்போது ரவுட்டருக்கு வருவோம். முதலாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அமெரிக்காவில் கார்ட்டர் என்பவர் மின்மோட்டரில் ஓடும் கை ரவுட்டரைச் செய்து விற்கத் தொடங்கினார். 1929இல் ஸ்டான்லி கம்பனி அவருடைய தொழிலை வாங்கியது. அதற்குமுன் ரவுட்டர் என்றால் ஒரு கட்டையில் செருகிய வளைந்த உளி, அவ்வளவுதான். இன்று நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சின்ன ரவுட்டர் நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை சுற்றும். சீப்புப் போன்ற ஒரு அச்சுத் தகட்டைப் பலகை முனையில் இறுக்கி, ரவுட்டரை அதன் பல்லுக்குள் விட்டு இழுத்தால் ஒரு லாச்சியின் புறாவால் மூட்டுக்கள் கால் மணித்தியாலத்தில் முடியும். ஓடாவிக்கு அரை நாள் வேலை.

ஆனால் தூள் விஷயத்தில் ரவுட்டர் செய்கிற வேலைகளிலேயே மோசமானது இந்த மூட்டுத்தான். காரணம் அந்தப் புறாவால் வடிவமே. சாதாரணக் காடி வெட்டும்போது முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாக ஆழம் இறக்கலாம். புறாவால் பிட் அடியில் அகலம், மேலே ஒடுக்கம். படிப்படியாக இறக்கினால் வடிவம் கெட்டுவிடும். முழு ஆழத்தையும் ஒரே தடவையில் வெட்ட வேண்டும். வெட்டிய மரம் வெளியே வர இடமில்லாமல் பிட்டோடு சுற்றிச் சுற்றி மேலும் அரைபட்டு மாவாகிறது. அதற்குமேல், வேலை நடப்பது பலகையின் ஓரத்தில். மேசைக்கு நடுவில் வெட்டினால் ரவுட்டரின் அடித்தட்டு மூடிபோல நிற்கும், உறிஞ்சு குழாயைப் பொருத்தினால் பெரும்பகுதி போய்விடும். ஓரத்தில் வெட்டும்போது தட்டின் பாதி அந்தரத்தில் நிற்கிறது. பிட் பலகையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் தூளை நேராக ஆளின் வயிற்றுக்கு வீசும். ரவுட்டரோடு பெட்டியில் வருகிற அந்தப் பிளாஸ்டிக் குழாய் மூக்கு இந்த வேலைக்குப் பாதிகூடக் காணாது.

கண்ணுக்குத் தெரிகிற தூளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அது கீழே விழும், கூட்டலாம். மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். 10 மைக்ரோனுக்குக் குறைந்த தூள் யன்னல் பூட்டிய அறையில் மணிக்கணக்கில் அந்தரத்தில் நிற்கும். மெசினை நிறுத்திவிட்டுத் தம்பி தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்திலும் அது நிற்கிறது. கதவைத் திறந்ததும் முன்னறைக்குப் போகிறது. தும்புத்தடியால் கூட்டினால் விழுந்ததும் மறுபடி எழும்பும். “கூட்டினாப் போயிரும்” என்ற பேச்சில் உள்ள பிழை இதுதான்.

இதில் எத்தனை ஆபத்து என்பதை உலகம் ஒரு தளபாட ஊரிலிருந்துதான் படித்தது. இங்கிலாந்தில் லண்டனுக்கு வடமேற்கே ஹை விக்கம் என்று ஓர் ஊர், கதிரைக்குப் பேர் போனது. அங்கே பழைய காலத்தில் கதிரைக்கால் கடைபவர்கள் காட்டுக்குள்ளேயே கொட்டில் போட்டு, அன்று வெட்டிய ஈர மரத்தை மிதி இயந்திரத்தில் கடைந்தார்கள். ஈர மரம் சுருள் சுருளாகச் சீவலாக வரும், தூள் இராது. நம் ஓடாவிமார் போலவே, காற்றும் வெளியும். பிறகு தொழிற்சாலைகள் வந்தன, காய்ந்த மரமும் வேகமான இயந்திரமும் வந்தன. 1960களில் அந்த ஊரில் காது மூக்குத் தொண்டை வைத்தியராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற பெண்மணி ஒன்றைக் கவனித்தார். மூக்கின் உட்குழியில் வருகிற, மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய் தன்னிடம் அடிக்கடி வருகிறது. வருபவர்களிடம் என்ன தொழில் என்று கேட்டால் தளபாட வேலை. டொக்டர் அச்செசன் முதலானவர்களோடு சேர்ந்து கணக்கெடுத்து 1968இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பொதுமக்களைவிடப் பலநூறு மடங்கு. தூளோடு பழகத் தொடங்கி நோய் தெரிய நாற்பது வருஷம் வரை எடுத்திருந்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலைப் புகையும் அஸ்பெஸ்டஸும் இருக்கிற அதே முதலாம் பிரிவில் மரத்தூளையும் சேர்த்தது.

பயமுறுத்த எழுதவில்லை. அந்தப் புற்றுநோய் அங்கேயும் அரிதுதான், வருஷக்கணக்கில் தொழிலாகச் செய்தவர்களுக்கு வந்தது. முதலாம் பிரிவு என்றால் சான்று உறுதி என்றுதான் அர்த்தம், சிகரெட் அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. நான் சொல்ல வருவது வேறு. நோயாளியிடம் “என்ன தொழில்?” என்று கேளுங்கள் என்று இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1700இலேயே எழுதினார். ஹாட்ஃபீல்ட் கேட்டார். நம் ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த அந்த டொக்டரும் அதையே கேட்டிருக்கிறார். பேர் தெரியாது, அல்லாஹ் அவருக்கு நல்லது செய்யட்டும்.

தூளைப் பிடிக்கிற இயந்திரத்தின் கதை மரப் பட்டறையில் தொடங்கவில்லை, மாவாலையில் தொடங்கியது. 1878 மே 2ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸில் வொஷ்பேர்ன் மாவாலை வெடித்துப் பதினெட்டுப் பேர் மௌத்தானார்கள். வெடிமருந்து எதுவும் இல்லை. காற்றில் நின்ற மாத்தூள் தீப்பிடித்தது. அதன்பிறகுதான் ஆலைகள் தூளைப் பிடிப்பதில் பணம் போட்டன. சூறாவளிக் கூம்பு என்ற சாமான் பெருகியது 1880களில். தூள் கலந்த காற்றைக் கூம்புக்குள் பக்கவாட்டாக விட்டால் அது சுழலும், பாரமான தூள் சுவரில் அடித்துக் கீழே விழும், காற்று மட்டும் நடுவால் மேலே போகும். இதை மர ஆலைகளும் எடுத்துக்கொண்டன. 1970களின் கடைசியில் ஜேம்ஸ் டைசன் தன் பகுதி மர ஆலையின் கூரையில் இந்தக் கூம்பைப் பார்த்துத்தான் பையில்லாத வெக்யூம் கிளீனரைச் செய்யப் புறப்பட்டார். மர ஆலையிலிருந்து வீட்டுக்குப் போன அந்தக் கூம்பு இப்போது வெக்யூமோடு திரும்பிப் பின்னறைப் பட்டறைக்கு வந்து சேர்கிறது.

சட்டமும் நம்மிடம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலத்தில் தூசியை அகற்ற ஏற்பாடு வேண்டும் என்கிறது. ஆனால் தன் வீட்டுப் பின்னறையில் தனியாக வேலை செய்கிறவனைப் பார்க்க எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை. யன்னல் பூட்டிய அறையில் அவனுக்குச் சட்டமும் இல்லை, சோளகமும் இல்லை.

சரி, என்ன செய்தோம்? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நானும் அவனும் உட்கார்ந்தோம். பெரிய பட்டறைகளின் நாலு அங்குலக் குழாய் வைத்த தூள் இயந்திரம் நிறையக் காற்றை மெதுவாக இழுப்பது. ரவுட்டருக்கு அது சரிவராது, ஒடுங்கிய குழாயில் வேகமாக இழுக்கிற வெக்யூம்தான் வேண்டும். அவனிடம் பழைய வெக்யூம் ஒன்று இருந்தது. பெயின்ட் வாளி இரண்டு, ஒரு பிளாஸ்டிக் கூம்பு வாங்கி நடுவில் வைத்தோம். தூளில் பெரும்பங்கு வாளிக்குள் விழும், வெக்யூமின் வடிகட்டி அடைபடாது. முக்கியமான மாற்றம் அடுத்தது. வெக்யூமை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்துச் சுவரில் துளை போட்டுக் குழாயை மட்டும் உள்ளே விட்டோம். சாதாரண வெக்யூமின் துணிப்பை பெரிய தூளைப் பிடித்து நுண்தூளை மறுபக்கத்தால் ஊதிவிடும். அது அறைக்குள் நின்றால் நாம் தூளைப் பிடிக்கவில்லை, சலித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது குழாய் ஒன்றை அச்சுத் தகட்டுக்கு முன்னால், பிட் தூளை வீசுகிற இடத்தில், பலகையால் ஒரு சின்ன வாய் செய்து பொருத்தினான். அது அவனுடைய யோசனை, என்னுடையது இல்லை. வயிற்றுக்கு வந்த தூள் இப்போது அந்த வாய்க்குப் போகிறது. புறாவால் பிட்டை விடுமுன் நேர்ப் பிட்டால் கழிவின் நடுப்பகுதியை எடுத்துவிட்டால் புறாவால் பிட்டுக்கு வேலை குறைகிறது, தூளும் சீவலாக வருகிறது. யன்னலைத் திறந்து, வடகிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசை விசிறியை வெளியே பார்க்க வைத்தோம். இப்போது சோளக காலம், எதிர்ச்சுவரின் கிராதியால் காற்று உள்ளே வந்து விசிறியோடு சேர்ந்து போகிறது. வாடை தொடங்கியதும் விசிறியை மற்றப் பக்கம் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் போய்ப் பேசி, அவர்கள் உடுப்புக் காயப்போடாத நேரத்தில் மட்டும் மெசின் ஓடும் என்று ஒப்புக்கொண்டோம். முதிரைக்கு நீளக் கைச் சட்டை, வேலை முடிந்ததும் கை முகம் கழுவி உடுப்பு மாற்றாமல் பிள்ளையைத் தூக்குவதில்லை. கொரோனா காலத்தில் மிஞ்சிய கேஎன்95 முகக்கவசம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மெசின் நின்று அரை மணித்தியாலம் வரை அதைக் கழற்றாமல் இருக்க வேண்டும். இதைத்தான் தம்பி இன்னும் மறக்கிறான். மொறட்டுவையில் மூக்கில் துணி கட்டினால் சிரிப்பார்களாம்.

முதல் நாள் மூன்று மூலை வெட்டிவிட்டு வாளியைத் திறந்து காட்டினான். கால் வாளி மஞ்சள் மா. விரலால் எடுத்தால் குரக்கன் மாவைவிட மெல்லிசு. “சேர், இவ்வளவும் முந்தி எங்க போச்சு?” என்று கேட்டான். அவன் மனைவி குசினிக்குள்ளிருந்து, “எங்க போச்செண்டு எனக்குத் தெரியும்” என்றா.

பிள்ளைக்கு இந்த மாதம் முட்டு வரவில்லை. தூள் குறைந்ததாலா, காலநிலை மாறியதாலா என்று டொக்டரே உறுதியாகச் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன். கைத் தடிப்பு வாடிவிட்டது. பெட்டகத்துக்கு இன்னும் மூடியும் ஒரு மூலையும் மிச்சம். அந்த நாலாவது மூலையைக் கையால், உளியால் வெட்டு என்று கேட்டிருக்கிறேன். கூலி கூடக் கேட்டான். கொடுக்கிறேன் என்றேன்.

எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலிப் பக்கத்து உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். 1990க்கு முந்திய பெட்டகம், லாச்சி, அலுமாரி யாரிடமாவது தப்பியிருந்தால் அதன் மூலையைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். செய்த ஓடாவியார் எந்த ஊர், எந்த மரத்துக்குக் கீழே இருந்து வேலை செய்தார் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கடைசிக் காலத்தில் அவருக்கு இருமல் இருந்ததா, கையில் தடிப்பு இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.